போட்டுப் பார்க்காத வரி

டிசம்பர் மாதத்தில் ஷின்ஜி ஏரிக்குக் கரை இருக்காது. மூடுபனி வந்து அதை அழித்துவிடும். தண்ணீர் எங்கே முடிகிறது, மட்சுயே ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. சிப்பி அள்ளும் படகுகள் நீரில் நிற்கின்றனவா, மேகத்தில் நிற்கின்றனவா என்பதும் தெரியாது. நீளக் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் மட்டும், யாரோ பென்சிலால் இழுத்துவிட்டு அழிக்க மறந்த கோடுகள் போலத் தெரிவார்கள்.

அந்தக் கரையோரமாகத்தான் கதோவாகி மிசுயே தினமும் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போவாள். ஐம்பத்திரண்டு வயது. மெதுவாகத்தான் மிதிப்பாள். போகிற வழியில் அவளுக்கு ஒரு வேலை உண்டு. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். பாலத்தை ஒட்டிய முடிதிருத்தும் கடை வாசலில் புதிதாக ஒரு பூந்தொட்டி வந்திருந்தால், சேர்ந்தது. மருந்துக்கடை விளக்கு பச்சையிலிருந்து வெள்ளை ஆகியிருந்தால், மாறியது. மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் எப்போதும் நிற்கும் சாம்பல் கொக்கைக் காணவில்லை என்றால், விலகியது. இதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நகர மன்றக் கட்டடத்தில் சைக்கிளை நிறுத்திப் பூட்டும்போது அன்றைய பட்டியல் தானாகக் கலைந்துவிடும்.

அவள் கலையாமல் வைத்திருந்த பட்டியல் வேறு ஒன்று.

மட்சுயேயில் பிறந்த ஒரு நிரல்மொழி உண்டு. பெயர் ஹோதோரி. நீர்க்கரை என்று பொருள். கணினிக்கு வேலை சொல்லும் மொழி அது. சூதோ என்ற ஒல்லியான மனிதர் முப்பது வருடத்துக்கு முன்பு, யாரும் கேட்காமலேயே அதை உருவாக்கத் தொடங்கினார். இன்று நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் அதில் எழுதுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பகல் மிகக் குறுகும் நாளில், புதிய பதிப்பு வெளிவரும். அன்று மட்சுயேயில் வீட்டுக்கு வீடு பூசணிக்காய் வேகும். குளிக்கும் தொட்டி வெந்நீரில் மஞ்சள் மஞ்சளாய் யூசு என்ற எலுமிச்சை வகைப் பழங்கள் மிதக்கும். அந்தப் பழ வாசனை கையில் இருக்கும்போதே, ஹோதோரிக்காரர்கள் கணினியைத் திறந்து ஒரு பக்கத்தைப் படிப்பார்கள். சென்ற பதிப்புக்கும் இந்தப் பதிப்புக்கும் இடையே மொழியில் என்னென்ன சேர்ந்தது, என்னென்ன மாறியது, என்னென்ன விலகியது என்று சொல்லும் பக்கம். அந்தப் பக்கத்தை எழுதுகிறவள் மிசுயே.

அவள் கணினி படித்தவள் இல்லை. இருபத்து மூன்று வருடம் ஏரிக்கரைக் கொட்டகையில் சிப்பி பிரித்தவள். உருட்டிவிட்டால் உயிருள்ள சிப்பி ஒரு மாதிரிச் சத்தம் போடும், செத்த சிப்பி வேறு மாதிரி. அதைக் காதால் பிரிக்க வேண்டும். இடுப்பு பிடித்துக்கொண்டதால் அந்த வேலையை விட்டு நகர மன்றக் கட்டடத்துக்கு வந்தாள். அறைகளைத் திறப்பதும் பூட்டுவதும், நாற்காலி அடுக்குவதும், தேநீருக்கு வெந்நீர் வைப்பதும் அவள் பொறுப்பு. மூன்றாம் மாடி அறை சனிக்கிழமைதோறும் ஹோதோரிக்காரர்களுக்கு. அவர்கள் பேசுவதை அவள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். புரியாது. ஆனால் புரியாத பேச்சில்கூட, எந்த வார்த்தையில் உயிர் இருக்கிறது, எது வெறும் ஓடு என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை அச்சுப்பொறியில் யாரோ ஒரு தாளை விட்டுப் போயிருந்தார்கள். அந்த ஆண்டு மாற்றங்களின் பட்டியல். மிசுயே அதை வீட்டுக்கு எடுத்துப்போய், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் "யாருக்கு?", "முன்னால் எப்படி இருந்தது?", "இனி அவர்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று எழுதி, அடுத்த வாரம் அதே இடத்தில் வைத்துவிட்டாள். கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"இது யார் எழுதினது?" என்று கேட்டவர் நோட்சு. பெரிய உடம்பு, எப்போதும் ஒரே பழுப்புச் சட்டை, நாக்கில் எப்போதும் ஒரு கிண்டல். "நம்ம ஆளுங்க யாரும் இல்ல. நம்மளுக்குக் கேள்வி கேக்கத் தெரியாது, பதில் சொல்லத்தான் தெரியும்."

மிசுயே வெந்நீர்க் குடுவையோடு கதவருகே நின்றிருந்தாள். முகம் சிவந்தது.

"கதோவாகி-சான், குடுவை சாயுது" என்றார் சூதோ மெதுவாக. "நீங்கதானே?"

ஒன்பது வருடத்துக்கு முன்பு நடந்தது அது.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. மூன்றாம் மாடி அறையின் மூலையில் இரண்டு பழைய கணினிகளை அக்கம்பக்கமாக வைத்துக்கொண்டாள். இடது பக்கத்தில் சென்ற ஆண்டின் ஹோதோரி. வலது பக்கத்தில் இந்த ஆண்டுக்காகத் தயாராகிக்கொண்டிருப்பது. பட்டியலில் எந்த வரி வந்தாலும், அதே கட்டளையை இரண்டிலும் போட்டுப் பார்ப்பாள். இடதில் ஒரு பதில், வலதில் இன்னொரு பதில். அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் அவளுடைய வாக்கியம் பிறக்கும். போட்டுப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. ஒரு கண் போன ஆண்டிலும் மறு கண் வருகிற ஆண்டிலும் இருக்க, அவள் அப்படியே உட்கார்ந்திருப்பாள். சன்னலுக்கு வெளியே மேகம் நகரும். ஏரியின் ஒரு துண்டு தெரியும், மறையும். எந்த ஆண்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே சிலசமயம் மறந்துபோகும். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"கதோவாகி-சான், உயிரோட இருக்கீங்களா?" என்று நோட்சு கத்துவார்.

"இருக்கேன்."

"எந்தப் பதிப்புல?"

ஒவ்வொரு வரியின் முடிவிலும், அந்த மாற்றத்தைச் செய்தவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவது ஹோதோரிக்காரர்களின் வழக்கம். ஒன்பது பக்கங்களில் நூற்றுக்கணக்கான பெயர்கள். மிசுயேயின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அவள் மொழியில் எதையும் மாற்றியவள் இல்லையே. அதில் அவளுக்கு நிம்மதிதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெளிவந்துவிட்ட பக்கத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஜனங்கள் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், அதை நம்பி எதையாவது எழுதியிருப்பார்கள். பின்னால் போய்ச் சத்தமில்லாமல் திருத்தினால் எது எப்போது சொல்லப்பட்டது என்றே தெரியாமல் போய்விடும்.

சென்ற ஆண்டு அக்டோபர் கடைசி நாளில் மிசுயேயின் அம்மா இறந்தாள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மூன்றாம் மாடியில் நாள்களைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்தாம் தேதி வரை எத்தனை நாள் என்று கேட்டால், ஹோதோரி நான்கு என்று சொல்லும். கடைசி நாளைச் சேர்க்காது. அது சரியா என்பதுதான் சண்டை.

"விடுதியில ரெண்டு ராத்திரி தங்கினா மூணு நாள்னுதானே சொல்றோம்?" என்றார் நோட்சு. "யாராவது ரெண்டு நாள்னு சொல்வாங்களா?"

"ராத்திரியை எண்ணறவனுக்கு ரெண்டுதானே" என்றார் ஒருவர்.

"சாவுக்கு எப்படி எண்ணறோம்? நாப்பத்தொம்பதாம் நாள் காரியம்னா, செத்த நாளே முதல் நாள். கடைசி நாளும் உள்ள. ரெண்டு முனையும் சேரும்."

அப்போதுதான் மூலையில் மிசுயே உட்கார்ந்திருப்பது நோட்சுவுக்கு ஞாபகம் வந்தது.  அவர் எழுந்து தலை குனிந்தார். மிசுயேயும் தலை குனிந்தாள். கடைசி நாளையும் சேர்ப்பது என்று அன்று முடிவானது.

டிசம்பர் பதினெட்டு அம்மாவின் நாற்பத்தொன்பதாம் நாள். அது முடிந்த மறுநாள் மிசுயே அந்த வரியை எழுதினாள். *நாள்களை எண்ணும்போது, முதல் நாளும் கடைசி நாளும் இனி எண்ணிக்கைக்குள் சேரும்.* எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா போன நாளும் சேரும், அம்மாவை வழியனுப்பிய நாளும் சேரும், இரண்டும் உள்ளே இருக்கும். ஒன்பது ஆண்டில் அவள் எழுதியவற்றுள் அதுதான் நல்ல வரி என்று தோன்றியது. வெளியே அந்த ஆண்டின் முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. எதிரே இரண்டு கணினிகளும் காத்துக்கொண்டிருந்தன. அவற்றிடம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? வரி இவ்வளவு சரியாக இருக்கிறதே.

அந்த வரியை அவள் போட்டுப் பார்க்கவில்லை.

இந்த ஆண்டு, பகல் குறுகும் நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓகித் தீவிலிருந்து. எழுதியவள் பெயர் யோகோஜி சனாயே. அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள். ராத்திரி முறை இல்லாத நாள்களில் தானாகவே ஹோதோரி கற்றுக்கொண்டு, இல்லத்துக்காக ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தாள். இருபத்தாறு முதியவர்கள், ஒவ்வொருவருக்கும் பதினான்கு அறை உள்ள மாத்திரைப் பெட்டி. யாருக்கு எந்த மாத்திரை எத்தனை போட வேண்டும் என்று அந்த நிரல் சீட்டு அடித்துக் கொடுக்கும்.

"உங்கள் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்" என்று தொடங்கியிருந்தாள். "ஹோதோரி கடைசி நாளைச் சேர்க்காது என்பதால், நான் எப்போதும் விடையோடு ஒன்று கூட்டிக்கொள்வேன். போன மாதம் இல்லத்துக்குப் புதிய கணினி வந்தது, புதிய பதிப்புக்கு மாறினோம். மாற்றங்களின் பக்கத்தைப் படித்தேன். இனி இரண்டு முனையும் சேரும் என்று அழகாக, தெளிவாக எழுதியிருந்தது. அதனால் கூட்டிய ஒன்றை எடுத்துவிட்டேன். சீட்டில் பதிமூன்று என்று வந்தது. பதினான்காம் நாள் கப்பல் வரும் நாள். புது மருந்து அன்று வந்துவிடும், அதனால்தான் காலி அறை போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அன்று காற்று. கப்பல் வரவில்லை. இரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் ஒரு பெரியவர் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். இப்போது நலமாக இருக்கிறார். நெற்றியில் நான்கு தையல். பக்கத்தை நான் எங்கே தவறாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியுமா? என் தவறு என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியோடு நிரலை நிறுத்திவிட்டு மறுபடி கையால் எழுதப்போகிறோம். நான் இனி கணினியைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அது நியாயம்தான். எங்கே தவறினேன் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை."

மிசுயே அதை மூன்று முறை படித்தாள். பிறகு இடது கணினியில் இருந்த சென்ற ஆண்டுப் பதிப்பில், ஓர் ஆண்டு தாமதமாக, அந்தக் கட்டளையைப் போட்டாள். ஒன்றிலிருந்து பதினான்கு வரை.

பதிமூன்று.

வலது கணினியில் போட்டாள். பதிமூன்று. இரண்டு பதிலுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. அவளுடைய வாக்கியம் நிற்பதற்கு அங்கே இடமே இருந்திருக்கவில்லை.

அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது ஏரியை அவள் பார்க்கவில்லை. எது சேர்ந்தது, எது விலகியது, எதுவும் மனத்தில் ஏறவில்லை. ஓர் ஆண்டாக எத்தனை பேர் அந்த வரியைப் படித்திருப்பார்கள்! எத்தனை பேர் விடை ஒன்று குறைவதைக் கண்டு, நாம்தான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று தலையைச் சொறிந்துகொண்டு, சத்தமில்லாமல் ஒன்றைக் கூட்டியிருப்பார்கள்! ஒருவர்கூட எழுதிக் கேட்கவில்லை. கேட்டவளும் மன்னிப்போடுதான் கேட்டிருக்கிறாள். பதில் எழுதாமல் விட்டால் அவள் மறுபடி கேட்க மாட்டாள். அது மிசுயேக்கு நன்றாகத் தெரிந்தது. அவளும் அப்படிப்பட்டவள்தான்.

சனிக்கிழமை வந்தது. மூன்றாம் மாடியில் எட்டுப் பேர். சூதோ தன் வழக்கப்படி வறுத்த தேயிலைத் தேநீரை ஆறவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். மிசுயே எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் எழுந்து நின்றது அதுவே முதல் முறை. எல்லோரும் வெந்நீர் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தார்கள்.

"போன வருஷப் பக்கத்துல..." என்றாள்.  தீவிலிருந்து வந்த கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தாள். அதை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நோட்சு எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்திலிருந்த கிண்டல் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து விழுந்தது.

"இது நான்" என்றார். "அதைச் சேர்த்தவனும் நான்தான், வெளியிடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அதைத் திருப்பி எடுத்தவனும் நான்தான். விடுதிக்காரங்க எழுதின பதினோரு புரோகிராம் ஒடஞ்சுபோச்சு. சோபா நூடுல்ஸ் கடையில வெச்சு சூதோ-சான்கிட்ட சொன்னேன்."

"சொன்னீங்க" என்றார் சூதோ. "நூடுல்ஸ் வாயில இருந்ததால தலைய மட்டும் ஆட்டினேன். கதோவாகி-சான்கிட்ட நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அப்போ ரெண்டு பேரும் நெனச்சிருக்கோம்."

"ரொம்ப நல்லா நெனச்சிருக்கோம். தீவுல ஒரு பெரியவர் விழற அளவுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒருவர், "பேசாம இந்த வருஷம் கடைசி நாளைச் சேர்த்துட்டா என்ன? அப்போ வரி சரியாயிடுமே" என்றார்.

"வரிய சரியாக்க மொழிய வளைக்கிறதா?" என்றார் நோட்சு. "அந்தப் பதினோரு விடுதிக்கு யார் பதில் சொல்றது?"

சூதோ கோப்பையை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டிருந்தார். "பழைய பக்கத்த நாம தொடறதில்லதான். ஆனா இது ஆபத்தான வரி. ஒரு தடவை திருத்திட்டா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. கதோவாகி-சான் பேரும் எங்கயும் வராது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் கருணையோடுதான் சொன்னார். மிசுயேக்கு அது புரிந்தது. ஆனால் பழைய பக்கத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டால், தீவில் இருக்கிறவள் நாளை மேலாளரிடம் அதைக் காட்டி என்ன சொல்வாள்? அங்கே சரியான வரி இருக்கும். இல்லாத ஒன்றைப் படித்ததாகச் சொன்னவள் ஆகிவிடுவாள்.

"தொட வேண்டாம்" என்றாள் மிசுயே. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தன் குரல் அந்த அறையில் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. "அது அப்படியே இருக்கட்டும். அவங்க படிச்சது அங்கதான் இருக்கு. இந்த வருஷப் பக்கத்துல, போன வருஷம் எழுதினது தப்புன்னு ஒரு வரி போடறேன்."

"எந்தத் தலைப்புல போடுவீங்க?" என்றார் நோட்சு. "சேர்ந்ததா, மாறினதா, விலகினதா? ஒண்ணுமே நடக்கலையே. நடக்கும்னு சொன்னோம், நடக்கல."

"எல்லாத் தலைப்புக்கும் மேல. முதல் வரியா."

"சரி. என் பேரப் போடுங்க. திருப்பி எடுத்தது நான்."

"நீங்க திருப்பினது தப்பில்ல. போட்டுப் பார்க்காம எழுதினது தப்பு. அது நான்."

"சொல்லாம விட்டது?"

"நீங்க சொல்லியிருந்தாலும் சொல்லாட்டியும், நான் போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதுக்குத்தானே ரெண்டு மிஷினு."

நோட்சு கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, "கதோவாகி-சான் பேச ஆரம்பிச்சா நமக்கு வேலையே இல்லாம போயிடும் போல இருக்கே" என்று முணுமுணுத்தார். இந்த முறை சிலர் சிரித்தார்கள். சூதோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குத் தலை குனிந்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

அந்த ஒரு வரிக்கு மிசுயேக்கு நான்கு நாள் பிடித்தது. எழுதுவாள், இரண்டு கணினியிலும் போட்டுப் பார்ப்பாள், அழிப்பாள். மதியத்தில் கண் அயர்ந்தபோது ஒரு கனவு வந்தது. ஏரியின் நடுவில் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஓர் ஆண்டு. அம்மா ஏழாவது படியில் உட்கார்ந்து பூசணி நறுக்கிக்கொண்டிருக்கிறாள். மிசுயே படிகளை எண்ணிக்கொண்டே போகிறாள். நிற்கிற படியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து எண்ணுகிறாள். "நின்னா சேர்த்துக்கோ, இல்லன்னா விடு, பூசணி ஆறிடும்" என்றாள் அம்மா, தலை நிமிராமல். விழித்தபோது கன்னத்தில் விசைப்பலகையின் தடம் பதிந்திருந்தது.

கடைசியில் வரி இப்படி அமைந்தது.

*சென்ற பதிப்பின் பக்கத்தில், நாள்களை எண்ணும்போது கடைசி நாளும் சேரும் என்று எழுதியது தவறு. அப்போதும் சேரவில்லை, இப்போதும் சேரவில்லை. அதை நம்பி ஒன்றைக் கழித்தவர்கள் தயவுசெய்து மீண்டும் ஒன்றைக் கூட்டுங்கள். தவறு உங்களுடையது அல்ல. (கதோவாகி மிசுயே)*

அடைப்புக்குறிக்குள் தன் பெயரைப் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. வேறு யாரோ போல இருந்தது அந்தப் பெயர். கொஞ்ச நேரத்தில் பழகியும்விட்டது.

சனாயேக்கு அன்றே பதில் எழுதிவிட்டாள். மூன்று நாளில் இரண்டு வரிப் பதில் வந்தது. நன்றி, மனம் லேசானது, ஆனால் மேலாளர் நம்பவில்லை, நான் சாக்குத் தேடுகிறேன் என்கிறார், பரவாயில்லை.

பரவாயில்லை என்ற சொல்லை மிசுயே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.  இல்லத்தின் எண்ணைப் போட்டு, மணி அடிக்குமுன் வைத்தாள். மறுபடி போட்டாள். பிற்பகல் நான்கரை மணி. வெளியே வானம் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது.

"யாரு?" என்றது ஒரு கட்டைக் குரல். மேலாளர்தான்.

"மட்சுயேலேர்ந்து. கதோவாகின்னு பேரு. ஹோதோரி... மாத்திரைச் சீட்டு..."

"ஓ, அதா. மாசக் கடைசியோட அதை நிறுத்தறோம். ஆளுங்க கையால எழுதினா ஒண்ணும் ஆகாது. இந்த கம்ப்யூட்டர் வெளையாட்டெல்லாம் எங்க இடத்துக்கு ஒத்துவராது."

"அது யோகோஜி-சான் தப்பு இல்ல."

"அவளே தன் தப்புன்னு சொன்னாளே."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. ஆனா நான் எழுதினது தப்பு. எழுதினதை அவங்க எழுதின மாதிரியே செஞ்சாங்க. அச்சடிச்ச மருந்துச் சீட்டுல டாக்டரே தப்பா எழுதியிருந்தா, அதைப் படிச்சுக் கொடுத்த நர்ஸையா திட்டுவீங்க?"

 மறுமுனையில் காற்று சன்னலில் மோதும் சத்தம் கேட்டது.

"நீங்க டாக்டரா?"

"இல்லைங்க. கட்டடத்துல சாவி வெச்சிருக்கேன்."

"சாவி வெச்சிருக்கறவங்களா இதெல்லாம் எழுதறாங்க?"

"ஆமாங்க. நாளைக்கு வெளிவர்ற பக்கத்துல முதல் வரியே அதுதான். என் பேரோட இருக்கும். எல்லாரும் படிப்பாங்க. நீங்களும் படிச்சுப் பாருங்க. அந்தப் பெரியவருக்கு... அவருக்கு எப்படி இருக்கு?"

"தையல் பிரிச்சாச்சு. நேத்து குளிக்க மாட்டேன்னு அடம் புடிச்சார். நல்லாத்தான் இருக்கார்." மேலாளரின் குரல் கொஞ்சம் இளகியது. "மன்னிப்புக் கேக்க யாரும் தீவுக்குப் போன் பண்றதில்ல. எல்லாரும் லெட்டர்தான் போடுவாங்க." பிறகு தொலைபேசியை மூடாமலே கத்தினார்: "யோகோஜி! வா இங்க. ஒனக்கு வக்காலத்து வாங்கிட்டு ஒருத்தங்க வந்திருக்காங்க."

ஓடி வரும் செருப்புச் சத்தம். மூச்சு வாங்கும் ஒரு குரல். "ஹலோ? கதோவாகி-சானா? நெஜமாவா?"

"நெஜமா."

 இருவரும் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஒருவர் ஆட்டுவது மற்றவருக்குத் தெரியாது என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் சனாயே. "அப்போ நாளைக்கு வர்ற பதிப்புல, கடைசி நாள் சேருதா, சேரலையா?"

"சேரல. போட்டுப் பார்த்தேன். ஆனா நீங்களும் போட்டுப் பாருங்க. நான் சொன்னேன்னு விட்டுடாதீங்க."

"என்னைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே..."

"தொடு, தொடு" என்றது பின்னாலிருந்து கட்டைக் குரல். "நான் பக்கத்துல நிக்கறேன். சீட்டை நான் ஒரு தடவை எண்ணின பிறகுதான் பெட்டிக்குப் போகணும். புரிஞ்சுதா?"

விசைகள் தட்டும் ஒலி கேட்டது. மெதுவாக, ஒரு விரலால்.

"பதிமூணு" என்றாள் சனாயே.

"ஆமா."

"ஒண்ணு கூட்டறேன்." மறுபடி தட்டும் ஒலி. "பதினாலு. இருபத்தாறு பேருக்கும் பதினாலு. சீட்டு வருது..." அச்சுப்பொறி முனகத் தொடங்கியது. "ஐயோ, இருங்க, கூப்பிடறாங்க, ஒரே நிமிஷம். வெச்சுடாதீங்க."

தொலைபேசியை எங்கோ மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மிசுயே வைக்கவில்லை. தீவின் மாலை அவள் காதுக்குள் மெல்ல வந்து நிறைந்தது. அச்சுப்பொறி ஒவ்வொரு சீட்டாக உமிழ்ந்தது. யாரோ இருமினார்கள். கட்டைக் குரல் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தது. குளிக்க மாட்டேன் என்று ஒரு கிழவர் எங்கோ சண்டை போட்டார். இன்னும் தள்ளி, கடல். ஜன்னலுக்கு வெளியே மட்சுயே முழுவதும் மங்கிக்கொண்டு வந்தது. எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. அவள் காதோடு கருவியைச் சேர்த்துப் பிடித்தபடி, நாற்காலியில் சாய்ந்து, கூடவே மெல்ல எண்ணிக்கொண்டிருந்தாள்.